கோமந்தோங் குகை: கூடு எடுக்கும் முறையும் குருவி வாழும் வழியும்

மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ தீவின் கிழக்குப் பகுதியில் பாயும் கினபாத்தாங்கான் ஆற்றின் சமவெளியில், தாழ்நிலக் காட்டுக்கு நடுவே தனித்து எழுந்து நிற்கும் ஒரு சுண்ணாம்புக்கல் குன்றுக்குள் கோமந்தோங் குகைகள் அமைந்துள்ளன. வணிக உலகம் ‘பறவைக்கூடு’ என்று அழைக்கும் உணவுப்பொருள், அதாவது உழவாரக் குருவி இனத்தைச் சேர்ந்த சிறு பறவைகள் தம் உமிழ்நீரால் கட்டும் கூடு, பல தலைமுறைகளாக இக்குகைகளின் கூரையிலிருந்தும் சுவர்களிலிருந்தும் எடுக்கப்பட்டு வருகிறது. ஒரு பறவையின் வீட்டைப் பிரித்து விற்பது அப்பறவையை அழிக்கும் செயல் என்றே முதலில் கேட்பவருக்குத் தோன்றும். ஆனால் எந்த மாதத்தில் எந்தக் கூட்டை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற வரையறை காக்கப்படும் இடத்தில் அறுவடையும் பறவையும் சேர்ந்து நிலைப்பதையும், அந்த வரையறை உடையும் இடத்தில் இரண்டுமே ஒன்றாகச் சரிவதையும் இவ்வணிகத்தின் வரலாறு காட்டுகிறது.

குன்றும் குகையும்

கோமந்தோங் குன்றின் பாறை, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழமற்ற வெப்பமண்டலக் கடலில் பவளங்களும் ஓட்டுயிர்களும் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவுகள் இறுகியதால் உருவானது. நில அசைவுகளால் கடலுக்கு மேலே உயர்ந்த இப்பாறையில், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக மாறிய மழைநீர் வெடிப்புகளின் வழியே இறங்கி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பொந்துகளையும் பெரும் கூடங்களையும் ஏற்படுத்தியது. இக்குகையில் அவ்வேலையை நீர் மட்டும் செய்யவில்லை என்பது அண்மை ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. வௌவால்களும் குருவிகளும் வெளிவிடும் மூச்சிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும், அவற்றின் எச்சத்திலிருந்து எழும் அமிலத்தன்மையும் சேர்ந்து கூரைப் பாறையை இன்றும் அரித்துக்கொண்டிருப்பதால், குகையின் உருவத்தில் அதன் குடியிருப்பாளர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இக்குகைத் தொகுதியில் இரண்டு பெரிய குகைகள் உள்ளன. தரைமட்டத்தில் எளிதாகச் சென்றடையக்கூடிய ‘சிமுட் ஹித்தாம்’ கருங்குகை எனப்படும். குன்றின் மேற்பகுதியில், செங்குத்தான பாதையில் ஏறிச் சேரவேண்டிய ‘சிமுட் பூத்தே’ வெண்குகை எனப்படும். இப்பெயர்கள் பாறையின் நிறத்தைவிட அவற்றில் கிடைக்கும் கூடுகளின் தரத்தையே சுட்டுகின்றன. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் காண்பது கருங்குகையைத்தான். கோயில் கோபுரமொன்று முழுதாக உள்ளே நிற்கக்கூடிய அளவுக்கு உயர்ந்த அதன் கூடத்தில், கூரைத் துளைகள் வழியே இறங்கும் வெளிச்சம் ஓரளவு தூரம் வரையே எட்டுகிறது.

உமிழ்நீரில் கட்டிய கூடு

தமிழில் உழவாரக் குருவி எனப்படும் பறவைகள், உருவத்தில் தகைவிலான் குருவியைப் போலத் தோன்றினாலும், வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் கால்கள் மிகக் குட்டையானவை; மரக்கிளையில் அமர இயலாமல், செங்குத்தான பரப்பில் நகங்களால் பற்றித் தொங்கவே அவை பயன்படுகின்றன. பகல் முழுவதும் பறந்தபடியே சிறு பூச்சிகளைப் பிடித்து உண்ணும் இப்பறவைகளுக்குத் தரையில் இறங்கிச் சுள்ளி பொறுக்கும் வழியும் இல்லை. இந்தக் குறையை ஈடுசெய்வது நாக்கின் அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளாகும். இனப்பெருக்கக் காலத்தில் பெரிதாகிவிடும் இச்சுரப்பிகளிலிருந்து வரும் பசைபோன்ற நீரை, பறவை பாறையோடு அலகை உரசி இழையிழையாகப் பூசுகிறது. அது காற்றுப் பட்டதும் இறுகுகிறது. ஒரு மாதமோ அதற்குச் சற்று அதிகமோ இவ்வாறு இழைகளை அடுக்கிய பிறகு, பாதியாக வெட்டிய கிண்ணம்போன்ற ஒரு கூடு சுவரில் ஒட்டி நிற்கிறது.

வணிகத்தில் மதிப்புள்ள கூடுகள் இரண்டு இனங்களிடமிருந்து கிடைக்கின்றன. வெண்கூட்டு உழவாரக் குருவி ஏறத்தாழ முழுதும் உமிழ்நீராலேயே கூட்டைக் கட்டி இரண்டு முட்டை இடுகிறது. வெளிர்நிறமும் தூய்மையும் கொண்ட இக்கூட்டுக்கே உயர்ந்த விலை. கருங்கூட்டு உழவாரக் குருவியோ தன் உடல் இறகுகளை உமிழ்நீரோடு நிறையக் கலந்து கட்டி ஒரே ஒரு முட்டை இடுகிறது. அக்கூட்டைத் தூய்மைப்படுத்தும் உழைப்பு அதிகம் என்பதால் விலை குறைகிறது. இவற்றைத் தவிர, பாசியையும் செடித் துணுக்குகளையும் கொண்டு கூடு கட்டும் இனங்களும் இக்குகைகளில் உள்ளன. அவற்றின் கூட்டில் உமிழ்நீர் ஒட்டுப்பசை அளவுக்கே இருப்பதால் அறுவடைக்காரர்கள் அவற்றை நாடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் இந்திய உழவாரக் குருவியும் இவ்வாறு செடிப்பொருளைக் கலந்தே கட்டுகிறது.

இருண்ட குகையில் தன் கூட்டைக் கண்டடைய, கூடு எடுக்கப்படும் இவ்விரு இனங்களும் எதிரொலியைத் துணைகொள்கின்றன. பறந்தபடியே ‘டக், டக்’ என்னும் சிறு ஒலிகளை எழுப்பி, அவை சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு வழியறிகின்றன. வௌவால்கள் பயன்படுத்தும் ஒலி பெரும்பாலும் மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் கொண்டது. குருவியின் ஒலியை மனிதர் தெளிவாகக் கேட்கலாம். இந்த ஒலி சுவரையும் கூட்டையும் உணரப் போதுமே தவிர, பறக்கும் பூச்சியைப் பிடிக்கும் அளவுக்கு நுட்பமானதன்று. எனவே குருவி பகலில் கண்ணால் இரை தேடி, இருளில் செவியால் வீடு திரும்புகிறது. போர்னியோவின் மற்றொரு புகழ்பெற்ற குகையான, சரவாக் மாநிலத்தின் நியா குகையில் 1950-களின் பிற்பகுதியில் பணியாற்றிய பிரித்தானிய விலங்கியலாளர் லார்ட் மெட்வே இத்திறனை ஆராய்ந்து வெளிப்படுத்தியவர்களுள் ஒருவர். உலகில் இத்திறன் பெற்ற பறவைகள் உழவாரக் குருவிகளுள் சில இனங்களையும் தென் அமெரிக்காவின் எண்ணெய்ப் பறவையையும் தவிர வேறில்லை எனலாம்.

எச்சத்தின் மேல் ஓர் உலகம்

கருங்குகையின் தரை, குருவிகளும் இலட்சக்கணக்கான வௌவால்களும் விட்ட எச்சத்தால் மூடப்பட்டிருக்கிறது. வெளிச்சம் நுழையாத இடத்தில் பச்சைத் தாவரம் வளராது. ஆகவே காட்டில் பிடிக்கப்பட்ட பூச்சிகள் எச்சமாக மாறிக் குகைக்குள் விழுவதே இங்குள்ள உணவுச் சங்கிலியின் முதல் கண்ணி. எச்சத்தையும், கூரையிலிருந்து விழும் குஞ்சுகளையும் தின்று கரப்பான் பூச்சிகள் எண்ணிறந்து பெருகுகின்றன; அவற்றோடு வண்டுகளும் நண்டுகளும் வாழ்கின்றன. விரல்நீளக் கால்களோடு சுவரில் ஓடும் பூரான் வகையொன்று பூச்சிகளை வேட்டையாடுகிறது. சுவர்ப் பிளவுகளில் தங்கும் குகைப்பாம்பு குருவிகளையும் வௌவால்களையும் பிடித்து உண்கிறது. எச்சம் சிதையும்போது எழும் அம்மோனியா வாயுவே, குகைக்குள் நுழையும் எவரையும் முதலில் தாக்கும் நெடி.

இவ்வுலகத்தின் நாள் இரண்டு வேளைகளாகப் பிரிந்திருக்கிறது. காலையில் குருவிகள் வெளியேற வௌவால்கள் உள்ளே திரும்புகின்றன. மாலையில் வௌவால்கள் திரள்திரளாக, புகைபோல் சுருண்டு வெளியேற, குருவிகள் உள்ளே விரைகின்றன. அந்தியில் வௌவால் பருந்து எனப்படும் வேட்டைப் பறவை குகைவாயைச் சுற்றிக் காத்திருந்து, வெளியேறும் வௌவாலைப் பறந்தபடியே பற்றி, இறங்காமலேயே விழுங்கிவிடுவதைப் பார்வையாளர்கள் காண முடியும்.

ஏணியும் அறுவடை முறையும்

கோமந்தோங்கில் கூடு எடுக்கும் தொழிலில் தொன்றுதொட்டு ஈடுபட்டவர்கள், ஆற்றங்கரை மக்கள் எனப் பொருள்படும் ‘ஓராங் சுங்கை’ சமூகத்தினர். பிரம்பைப் பிளந்து திரித்த கயிறுகளாலும் பிரம்பு ஏணிகளாலும், மூங்கில் கம்பங்களாலும் ஆன அவர்களுடைய சாதனங்கள், கூரையிலுள்ள பாறைத் துளைகளிலும் முகடுகளிலும் கட்டப்பட்டு, பல பத்து மீட்டர் உயரத்திலிருந்து நேராகத் தொங்குகின்றன. ஏறுபவர் ஒருவர், ஏணியைக் கீழிருந்து இழுத்துப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்துபவர் சிலர், கூடுகளைச் சேகரிப்பவர் சிலர் என ஒரு குழுவாகவே வேலை நடைபெறும். மேலே சென்றவர் விளக்கொளியில் கூட்டின் நிலையைப் பார்த்து, அதன் அடிப்பகுதியை ஈரப்படுத்தியோ கருவியால் மெல்லச் சுரண்டியோ, சுவரைவிட்டுப் பிரித்துப் பையில் இடுகிறார். கூடு உடையாமல் முழுதாக வருவதில்தான் விலை இருக்கிறது; கைதவறினால் உயிர் போகும் உயரத்தில், அந்த நிதானத்தோடு வேலை செய்யும் திறமை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்த ஒன்று.

சபா மாநிலத்தில் இவ்வறுவடை வனவிலங்குத் துறையின் உரிமத்தின்கீழ், 1997-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டு நடைபெறுகிறது. பொதுவாக ஆண்டுக்கு இருமுறை அறுவடை உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான முதல் பருவத்தில், பறவைகள் கூட்டைக் கட்டி முடித்து முட்டையிடத் தொடங்குமுன் கூடுகள் எடுக்கப்படுகின்றன. கூட்டை இழந்த இணை, சுரப்பிகள் இன்னும் செயலூக்கத்தோடு இருப்பதால், அதே இடத்தில் மறுபடியும் கட்டுகிறது. இந்த இரண்டாம் கூட்டை எவரும் தொடக்கூடாது. அதில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பறந்துபோன பிறகு, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் பயன்பட்டு முடிந்த கூடுகள் எடுக்கப்படுகின்றன. ஆக, முதல் அறுவடை பறவை மீண்டும் கட்டும் இயல்பையும், இரண்டாம் அறுவடை அது கைவிட்டுச் செல்லும் இயல்பையும் நம்பியிருக்கின்றன.

இந்த முறைமையின் நுட்பம் அதன் இடைவெளியில் இருக்கிறது. கூடு கட்டுவது பறவைக்கு உடற்செலவு மிகுந்த வேலை. இரண்டாம் கூட்டையும் பறித்தால் அது மூன்றாவது முறை கட்ட முயலும். ஆனால் உமிழ்நீர் குறைந்து, கூடு மெலிந்துவிடும்; இரைப் பூச்சிகள் நிறைந்த பருவமும் அந்நேரத்துக்குள் கடந்துபோயிருக்கும். அவசரக்காரர்களோ திருடர்களோ முட்டையோடும் குஞ்சோடும் கூட்டைப் பிடுங்கும்போது, உள்ளிருப்பவை தரையில் கொட்டப்பட்டுச் சில நிமிடங்களில் கரப்பான்களுக்கு இரையாகின்றன. அன்றைய வருமானம் கிடைத்துவிடும். அடுத்த தலைமுறைப் பறவை இராது. ஆதலால் குகைக்குள்ளேயே குடில் அமைத்து இரவுபகலாகத் தங்கியிருக்கும் காவலர்கள், சொத்துக்குக் காவல் இருப்பதோடு அறுவடை நாட்காட்டிக்கும் காவல் இருக்கிறார்கள். கூடுகளின் எண்ணிக்கையைக் கணிக்க, ஏணிகளோடு நில்லாமல், லேசர் கதிரால் குகையின் உட்பரப்பை அளந்து கூடுகளை எண்ணும் முறையும் கோமந்தோங்கில் பரிசோதிக்கப்பட்டுள்ளது.

கூட்டின் விலை

இவ்வளவு இடரை ஏற்கச் செய்தது சீனச் சமையலறையின் தேவை. நன்றாக ஊறவைத்து, குறடால் இறகுகளை ஒவ்வொன்றாக அகற்றி, கற்கண்டுடன் நீராவியில் நெடுநேரம் சமைத்த பறவைக்கூட்டுச் சாறு, மிங், சிங் அரசமரபுகளின் காலத்திலிருந்து செல்வர் வீட்டு உணவாகவும் மருந்தாகவும் போற்றப்பட்டது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் போர்னியோவின் கிழக்குக் கரைக் குகைகளின் கூடுகள் சூலு சுல்தானகத்தின் வணிகவலையின் வழியே சீனா சென்றன. 1881-இல் அரச சாசனம் பெற்ற பிரித்தானிய வட போர்னியோ நிறுவனம் ஆட்சிக்கு வந்தபின், கூடுகளின் வருமானத்துக்கான உரிமை அந்நிறுவனம் கவனம் செலுத்திய விவகாரங்களுள் ஒன்றாயிற்று.

சுத்தம் செய்த வெண்கூடு ஒன்று பத்துக் கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். ஒரு கிலோவுக்கு நூறுக்கும் மேற்பட்ட கூடுகள் வேண்டும். உயர்தரக் கூடு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான அமெரிக்க டாலருக்கு விலைபோகிறது. கூட்டின் பெரும்பகுதி புரதமும் சர்க்கரைச் சேர்மங்களும் இணைந்த கிளைக்கோபுரதம். அதில் சியாலிக் அமிலம் எனப்படும் சேர்மம் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. ஆயினும் சருமப் பொலிவு, நுரையீரல் வலிமை எனச் சொல்லப்படும் நலன்களில் பெரும்பாலானவற்றுக்கு மனிதரிடம் செய்யப்பட்ட வலுவான சோதனைகளின் சான்று குறைவு. சுவை என்று தனியே சொல்லத்தக்கது இக்கூட்டுக்கு இல்லை. மென்மையும் வழவழப்புமே இதன் பண்பு. மதிப்பு மிகுந்த பொருளில் கலப்படமும் இயல்பு என்பதால், மரப்பிசினும் கடற்பாசியும் வெண்காளானும் சேர்த்த போலிகளைக் கண்டறிய ஆய்வகச் சோதனைகள் உருவாகியுள்ளன.

‘இரத்தக்கூடு’ எனப்படும் செந்நிறக் கூடு, உமிழ்நீர் தீர்ந்தபின் பறவை குருதி கக்கிக் கட்டியது என்ற நம்பிக்கையால் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டது. உண்மையில் எச்சம் நொதிக்கும்போது எழும் நைட்ரஜன் சேர்ந்த ஆவிகளில் கிடந்தாலே வெண்கூடு சிவப்பாக மாறுவதை ஆய்வாளர்கள் செய்துகாட்டியுள்ளனர். 2011-இல் இத்தகைய கூடுகளில் நைட்ரைட் அளவு அதிகமாகக் காணப்பட்டதால் சீனா மலேசியக் கூடுகளின் இறக்குமதியை நிறுத்தியது. தரக்கட்டுப்பாடும் மூலத்தைக் கண்டறியும் முறையும் வகுத்துக்கொண்ட பிறகே வணிகம் மீண்டது.

விலை கட்டுமீறியபோது

காவல் இல்லாத இடத்தில் விலை உயர்வு என்ன செய்யும் என்பதற்கு நியா குகை எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்ட அதன் கருங்கூட்டுக் குருவிகள், இடைவிடாத அறுவடையாலும் திருட்டாலும், சுற்றிலும் காடு குறைந்ததாலும் 20-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கின. இத்தகைய சரிவுகளைக் கண்டு 1994-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாட்டில் இப்பறவைகளைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க இத்தாலி முன்மொழிந்தது. முடிவில், பட்டியலுக்குப் பதிலாக, நாடுகள் அறுவடையை நெறிப்படுத்த வேண்டும் என்ற தீர்மானம் ஏற்கப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் வேறொரு மாற்றம் விரைந்தது. இந்தோனேசியாவின் ஜாவாவில் வெறுமையான வீடுகளுக்குள் குருவிகள் தாமாகவே குடியேறியதைக் கண்டு தொடங்கிய ‘வீட்டு வளர்ப்பு’, சன்னலற்ற, ஈரம் மிகுந்த, இருண்ட கட்டடங்களை எழுப்பி, பதிவுசெய்த குருவியொலியை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து பறவைகளை அழைக்கும் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1997-98-ஆம் ஆண்டுகளின் ஆசியப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மலேசியாவிலும் பல கடைவீடுகள் இவ்வாறு மாற்றப்பட்டன. 2008-இல் உலகப் பாரம்பரியத் தலமான ஜோர்ஜ்டவுன் நகரின் பழைய வீதிகளிலிருந்து இவ்வீடுகளை அப்புறப்படுத்த வேண்டியும் வந்தது. இன்று சந்தையில் விற்பனையாகும் கூடுகளில் பெரும்பங்கு இக்கட்டடங்களிலிருந்தே வருகிறது. குகைக்கூட்டின் மேலுள்ள அழுத்தத்தை இது குறைத்தாலும், குகைக்கூடே மேலானது என்று கருதும் நுகர்வோர் இருக்கும்வரை கூரையில் ஏணி தொங்கவே செய்யும்.

அந்தமானில் ஒரு சோதனை

வெண்கூட்டு உழவாரக் குருவியின் ஒரு கிளையினம் இந்தியாவின் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் சுண்ணாம்புக்கல் குகைகளிலும் வாழ்கிறது. அங்கே உரிமையாளரும் இருக்கவில்லை, அறுவடை நாட்காட்டியும் இருக்கவில்லை. கண்டவர் எடுப்பது என்ற நிலையில் பறவை வேகமாக அருகியது. கோயம்புத்தூரை அடுத்து இயங்கும் சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் 1990-களில் தீவுதோறும் குகைகளை ஆய்ந்து இச்சரிவைப் பதிவுசெய்தார். தடையால் மட்டும் திருட்டு நிற்காது, கூடு எடுத்துப் பழகியவர்களையே காவலர்களாக்கி, குஞ்சு பறந்தபின் எடுக்கும் கூட்டின் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு தரவேண்டும் என்பது அவர் முன்வைத்த கருத்து. வனத்துறையுடன் சேர்ந்து வட அந்தமானின் சில குகைகளில் இம்முறை நடைமுறைப்படுத்தப்பட்டபோது, காவல் கிடைத்த குகைகளில் குஞ்சு பொரிப்பு மீண்டு வந்தது. அறுவடைக்கு இடமளிக்கும் பொருட்டு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கடுமையான பட்டியலிலிருந்து 2003-இல் இப்பறவை விலக்கப்பட்டதும் இந்த வாதத்தின் விளைவே. ரவி சங்கரன் 2009-இல் காலமானார்.

காணச் செல்பவருக்கு

சண்டாக்கான் நகரிலிருந்து சுக்காவ் செல்லும் சாலைவழியே ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில் கோமந்தோங்கை அடையலாம். நுழைவாயிலிலிருந்து காட்டுக்குள் செல்லும் மரப்பாதை கருங்குகைக்குள் நுழைந்து, கூடத்தைச் சுற்றி மீண்டும் வாயிலுக்கே வந்து சேர்கிறது. அப்பாதையின் கைப்பிடியில் எச்சமும் கரப்பான்களும் இருப்பது வழக்கமாதலால் அதைப் பிடித்து நடப்பதைத் தவிர்ப்பது நல்லது. தொப்பியும், கால் முழுதும் மூடும் வழுக்காத காலணியும், முகக்கவசமும் தேவை. மூச்சுத்தொல்லை உடையவர்கள் எச்சத்தூசியையும் அம்மோனியா நெடியையும் கருத்தில் கொள்ளவேண்டும். பிற்பகலில் சென்று அந்திவரை குகைவாயில் அருகே நின்றால் குருவியும் வௌவாலும் இடம் மாறும் வேளையைக் காணலாம். அறுவடைப் பருவத்தில் செல்பவர்களுக்கு ஏணிகளும் குழுக்களும் வேலைசெய்வதைக் கீழிருந்தே பார்க்கும் வாய்ப்புண்டு. பிற மாதங்களில் தொங்கும் கயிறுகளும் காவல் குடில்களும் மட்டுமே தெரியும்.

வழியெங்கும் பார்வையாளர் காண்பது, கினபாத்தாங்கான் சமவெளியின் பெரும்பகுதியை இன்று மூடியிருக்கும் செம்பனைத் தோட்டங்கள். குருவியின் உணவு குகைக்குள் இல்லை. அது காட்டின் மேல் பறக்கும் பூச்சியில் இருக்கிறது. அறுவடை நாட்காட்டியைத் துறை காக்கலாம், கூட்டைக் காவலர் காக்கலாம். ஆனால் காடு குறையும் அளவுக்கு இரை குறைந்தால், முதல் கூட்டை இழந்த பறவையிடம் இரண்டாம் கூட்டைக் கட்டும் வலிமையை எதிர்பார்க்க முடியாது. எனவே கோமந்தோங்கின் அறுவடை நீடிக்குமா என்ற கேள்விக்கு விடை, குகையின் சட்டதிட்டங்களோடு சேர்த்து, அதைச் சூழ்ந்த காட்டை எவ்வளவு விட்டுவைக்கிறோம் என்பதையும் பொறுத்தே அமையும்.